ஆறு நொடி இடைவெளி

சுயகற்றல் அறையில் பதினெட்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன். ஆறு ஹெட்ஃபோன்களில் ஒரு காது மட்டும் கேட்கும். அவற்றின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். எந்தக் காது என்று எழுதவில்லை. மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

அந்த அறைக்கு நான் பொறுப்பு. ஆசிரியை அல்ல. ஆங்கில வகுப்பு மாடியில், வாரத்தில் இரண்டு மாலை. மற்ற நாட்களில் மாணவர்கள் இங்கே வந்து தாங்களாகவே கற்க வேண்டும். எதைக் கேட்பது, எதைப் படிப்பது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லித்தரக் கூடாது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் அகராதி இருக்கும் அலமாரியைக் காட்ட வேண்டும். கல்லூரி தந்த கையேட்டில் முதல் பக்கத்திலேயே இது இருந்தது.

மாணவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் கைகாட்டி மேடம்.

கிளம்பும்போது ஆளுக்கொரு சீட்டு எழுதித் தர வேண்டும். இன்று செய்தது, கடினமாக இருந்தது, அடுத்துச் செய்யப்போவது. மூன்றே வரி. லிஃப்ட் மெக்கானிக் முதல் நாள் எழுதிய சீட்டு இது:

இன்று செய்தது: கேட்டேன்.
கடினமாக இருந்தது: எல்லாம்.
அடுத்து: மறுபடி கேட்பேன்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பெரிய கை, சின்ன எழுத்து. நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் கடைசிவரை மேடத்தை விடவில்லை.

அவருடைய கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. லிஃப்ட் நின்றுபோனால் தகவல் போகும் கன்ட்ரோல் ரூமைத் தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அதனால் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இருபது நிமிட வாய்மொழித் தேர்வு. தேறியவர் மெக்கானிக்காகவே இருக்கலாம். தேறாதவர் கிடங்குக்குப் போய் உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுக்க வேண்டும். மறுதேர்வு கிடையாது.

"பத்தொன்பது வருஷமா லிஃப்ட் என்கிட்ட ஒழுங்காத்தான் மேடம் பேசிட்டிருந்துச்சு," என்றார். "இப்பதான் அதுக்குப் படிப்பு ஏறிடுச்சு."

"கிடங்குல என்ன வேலை அண்ணே?"

"நட்டு கேட்டா நட்டு. போல்ட்டு கேட்டா போல்ட்டு. ஏற்கெனவே மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தருக்குக் கண்ணு போச்சு. ஒருத்தருக்கு விரல் போச்சு."

"மூணாவது ஆளுக்கு?"

"ஒண்ணும் போகல. பழைய முதலாளியோட மச்சான்."

சிரித்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "எனக்குக் கண்ணு நல்லாருக்கு. பத்து விரலும் இருக்கு. அங்க போய் உட்கார்ந்தா பாக்கறவன் என்னத்தைத் தேடுவான், சொல்லுங்க."

தொடக்கநிலை ஒலிப்பாடங்கள் இருக்கும் அலமாரியைக் காட்டினேன்.

*

அறை காலை பத்து முதல் மாலை ஆறு வரை. அவர் மத்தியானம் வருவார். ஹெட்ஃபோனை மாட்டுவார். போன் அடிக்கும். எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றிருக்கும். எழுந்து ஓடுவார். மூன்று வாரத்தில் அவர் கணக்கில் சேர்ந்தது இரண்டரை மணி நேரம். நாற்பது மணி நேரம் முடித்தால்தான் கல்லூரி தேர்வுக்குப் பெயர் அனுப்பும். தேர்வுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

"இந்த ரூமைக் கையோட எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாச்சும் இருக்கா மேடம்?"

போனில் கேட்கக்கூடிய பாடங்களைக் காட்டினேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்தார்.

"அதுல பேசறவங்க ஏறி, இறங்கி, வீட்டுக்கே போயிடறாங்க மேடம். நான் இன்னும் தரைத்தளத்துலயே நிக்கறேன்."

மாணவருக்காகப் பாடம் தயாரிக்க வேண்டாம், அவரே தயாரிக்க உதவவும் என்று கையேடு சொன்னது. அதில் பாதியைத்தான் நான் கடைப்பிடித்தேன். தேர்வில் என்னென்ன கேட்பார்கள் என்று அவரையே எழுதச் சொன்னேன். நான்கு நாளில் நாற்பது கேள்விகள் கொண்டுவந்தார். உள்ளே ஆள் மாட்டியிருந்தால் முதலில் என்ன செய்வீர்கள். கதவுப் பூட்டை எப்படிச் சோதிப்பீர்கள். எத்தனை பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா. பிடித்த நிறம் எது.

"நிறம் எதுக்கு அண்ணே?"

"பெரிய பொண்ணு சொன்னா. அவளுக்கு பல் ஆஸ்பத்திரி இன்டர்வியூல அதைத்தான் கேட்டாங்களாம்."

கேள்விகளை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதில்களை அவர் தேடினார். அகராதியில் பாதி, மாடி வகுப்பில் மீதி. பிறகு, அறையை மூடியபின், என் போனில் நாற்பது கேள்விகளையும் வாசித்துப் பதிவு செய்தேன். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர் பதில் சொல்ல இடைவெளி வேண்டும். மூன்று நொடி போதும் என்றது கையேடு. அவருக்குப் போதாது என்று தோன்றியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஆறு நொடி விட்டேன். கேள்வி, ஆறு நொடி, கேள்வி, ஆறு நொடி. மொத்தம் எட்டு நிமிடம்.

அதை அவருக்கு அனுப்பினேன்.

"பதில் வரலைன்னா என்ன மேடம் பண்றது?"

"வாயை மூடிட்டு மட்டும் இருக்காதீங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க. இடைவெளியைக் காலியா விடாதீங்க, அவ்வளவுதான்."

பேசாமல் உட்கார்ந்திருந்தே தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

*

வெளியே கேட்டதையும் கணக்கில் சேர்க்கலாம். சீட்டுகள் வரத் தொடங்கின.

இன்று செய்தது: ஒன்பதாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை பதினான்கு கேள்விகள்.

இன்று செய்தது: பஸ்ஸில் முழுவதும். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

இன்று செய்தது: லிஃப்ட்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இரண்டு தடவை. கடினமாக இருந்தது: எலி.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது போனைச் சட்டைப் பையில் வைத்து ஓடவிடுவாராம். காதில் எதையும் மாட்டக் கூடாது, கயிறு போகும் சத்தம் கேட்க வேண்டும்.

"மோட்டார் ஓடும்போது உங்க குரல் கேக்காது மேடம். ஆனா நீங்க கேள்வியைக் கேட்டாச்சுன்னு தெரிஞ்சிடும். அளவு பழகிடுச்சு. நான் பாட்டுக்குப் பதிலைச் சொல்லிடுவேன். அப்புறம் மோட்டார் நிக்கும். பாத்தா நீங்க சரியா அடுத்ததைக் கேட்டுட்டிருப்பீங்க."

"அடேங்கப்பா," என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் ஒரு பெண்மணி வந்து வாசலில் நின்றார். தோளில் அளவு நாடா தொங்கியது. தையல்காரர். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"இங்க மேடம் யாரு?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை பேசுங்க."

"என்ன பேசணும்மா?"

"இதான். இதே குரல்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுக்காரர் பாத்ரூம்ல யாருக்கோ பதில் சொல்லிட்டிருக்கார். யாருன்னு கேட்டா மேடம்ங்கறார். சாப்பிடும்போது மேடம். ஷேவ் பண்ணும்போது மேடம். அதான், யாரு அந்த மகராசின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒலிப்பாடம் கேட்டுக்கொண்டிருந்த இருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்கள்.

"ஒண்ணும் இல்லம்மா, தேர்வுக்கு..."

"தெரியும், தெரியும். சும்மா சொன்னேன்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ரவிக்கை யாரு தச்சது? கை இறுக்குது பாருங்க. என்கிட்ட கொண்டாங்க, பிரிச்சுத் தரேன்."

எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அவருக்கு இங்கிலீஷ் வந்துடுமா மேடம்?"

"வந்துட்டே இருக்கும்மா."

"வந்துட்டா சொல்லுங்க. கிடங்குன்னா அவர் செத்துருவார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார், ஆனா செத்துருவார்."

*

நாற்பது மணி நேரம் முடிந்தது. தேர்வுக்கு முந்தைய வாரம் அவரை என் மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்டேன். வரிசையை மாற்றிக் கேட்டேன். சொன்னார். பட்டியலில் இல்லாத ஐந்து கேள்விகள் கேட்டேன். மூன்றுக்குச் சரியாகச் சொன்னார். நான்காவதைத் திரும்பக் கேட்கச் சொல்லிவிட்டுச் சொன்னார். ஐந்தாவது தெரியாது என்பதை ஆங்கிலத்திலேயே சொன்னார். அவர் முடித்ததும் அடுத்ததைக் கேட்டுவிடுவேன். எதிரே இருப்பவரைக் காக்கவைத்துப் பழக்கமில்லை எனக்கு.

மாடி வகுப்பு ஆசிரியரும் இவர் தேறிவிடுவார் என்றார்.

தேர்வு அவருடைய கம்பெனி அலுவலகத்தில், மூன்றாம் மாடியில். கல்லூரி சார்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும். பின்னால் உட்காரலாம். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

அவர் கீழே எனக்காகக் காத்திருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு நிமிர்ந்து நின்றது. லிஃப்டில் ஏறினோம்.

"இது நம்ம லிஃப்ட்டுதான் மேடம். ரெண்டாவது மாடில லேசாத் தும்மும். பயப்படாதீங்க."

தும்மியது.

"நீங்க பயப்படறீங்களா அண்ணே?"

"நேத்து வரைக்கும். இன்னிக்கு இல்ல." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "காலைல மூணு தடவை ஓட்டிட்டேன்."

தேர்வு நடத்துபவர் மெலிந்த மனிதர். மரியாதையானவர். எழுந்து நின்று இருவருக்கும் நாற்காலி காட்டினார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டதாகவும், இடது கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் கொஞ்சம் மெதுவாகும் என்றும் என்னிடம் சொன்னார். தமிழில், தணிந்த குரலில் சொன்னார். அப்போது மெக்கானிக் சன்னலுக்கு மேலே இருந்த ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பழையது. பலமாக இரைந்தது.

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அவருடைய பிடரியும் ஒரு காதும் தெரிந்தன.

முதல் கேள்வி: எத்தனை வருடமாக இந்த வேலை?

பத்தொன்பது வருடம் என்றார் ஆங்கிலத்தில். முழு வாக்கியமாகச் சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. தேர்வாளர் தலையசைத்துவிட்டு ஒரு விரலால் தட்டத் தொடங்கினார்.

ஏசி இரைந்தது.

தனக்கு இரண்டு பெண்கள் என்றார் மெக்கானிக்.

தேர்வாளர் நிமிர்ந்தார். புன்னகைத்தார். நல்லது என்றார். மறுபடி குனிந்து தட்டினார்.

மழை பெய்தால் பேருந்தில் வருவேன் என்றார் மெக்கானிக்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதற்றம் என்று நினைத்தேன். தேர்வாளரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நிதானமாக, திருத்தமாக அடுத்த கேள்வியைக் கேட்டார். உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்?

மெக்கானிக் முதுகை நிமிர்த்தினார். முதலில் அவரோடு பேசுவேன் என்றார். பெயரைக் கேட்பேன். கதவைத் தொடாதீர்கள், நான் வந்துவிட்டேன் என்று சொல்வேன். பிறகு மின்சாரத்தை நிறுத்துவேன். நிறுத்திவிட்டேன் என்று அதையும் அவரிடம் சொல்வேன், விளக்கு அணைந்தால் பயப்படுவார். அந்தப் பதிலில் பாதிதான் நாங்கள் தயார் செய்தது. மீதியை அங்கே உட்கார்ந்து, அப்போதே, தானாகச் சொன்னார்.

தேர்வாளருக்கு அது பிடித்திருந்தது. முழுவதையும் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு விரலால்.

நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஆறாவது நொடியில் மெக்கானிக் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமையும் வருவேன் என்றார்.

விரல் தட்டிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். நான்கு. ஐந்து. ஆறு.

இல்லை ஐயா, புகை பிடிப்பதில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேர்வாளர் எழுதுவது மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. கணினித் திரை மறைத்தது. தேர்வாளர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார், ஏசி சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூரைமேல் நின்று பழகியதுபோலவே, கேட்காமல் போன கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கேள்வி என்று தெரியாததால் பட்டியலில் மிச்சமிருந்தவற்றிலிருந்து எடுத்துச் சொன்னார். இடைவெளியைக் காலியாக விடவில்லை.

நான் இருமினேன்.

அவர் பாதி திரும்பி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. நான் விரலை லேசாக உயர்த்தினேன். பொறுங்கள் என்றுதான். அவர் தலையசைத்தார்.

எனக்குப் பிடித்த நிறம் நீலம் என்றார்.

தேர்வாளரின் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். "மேடம், தயவுசெஞ்சு," என்றார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சரியான பதில் சொன்னார். பதில் எவ்வளவுக்கு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்குத் தேர்வாளர் எழுத நேரமாயிற்று. எழுத நேரமாக ஆக, அவர் மேலும் பேசினார். சின்ன மகள் உயரமானவள். கிரீஸ் மாதம் ஒரு முறை. காலையில் காப்பி மட்டும். எல்லாம் பிழையில்லாத வாக்கியங்கள். எல்லாம் நான் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு.

நான் பேசியிருக்கலாம். பேசினால் தேர்வு ரத்து, ரத்தானால் தேறாததாகவே கொள்ளப்படும் என்று நான் கையெழுத்திட வேண்டிய படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பேசாமல் இருந்தேன்.

*

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தேர்வாளர் என்னிடம் பேசினார்.

"மொழி இருக்கு. நல்லாவே இருக்கு. ஆனா கேட்டதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் பேசறாரான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல மேடம்."

நான் சொன்னேன். பதிவு, நாற்பது கேள்விகள், கூரை, மோட்டார், ஆறு நொடி. எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கியபடி கேட்டார்.

"புரியுது," என்றார். "நிஜமாவே புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. கன்ட்ரோல் ரூம்ல இருக்கறவங்களும் டைப் பண்ணிட்டுத்தான் பேசுவாங்க. நடுவுல சத்தமே இருக்காது. உள்ள ஆள் மாட்டியிருக்கு. கரண்ட்டை நிறுத்தியாச்சான்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே, கேட்டாங்கன்னு நினைச்சு, இவர் ஆமான்னு சொல்லிட்டா?"

"இது பழக்கம் சார். மாத்திடலாம். ஒரு வாரம் போதும். நான் மாத்திடறேன்."

"மறுதேர்வு இல்ல மேடம். அந்த விதியை நான் போடல."

"எழுதும்போதாவது குறிப்புல..."

"எழுதறேன். படிப்பாங்களான்னு தெரியாது."

படிவத்தை என் பக்கம் தள்ளினார். தேர்வு விதிப்படி நடந்ததா? ஆம், இல்லை. விதிப்படிதான் நடந்திருந்தது. ஆம் என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மெக்கானிக் வராந்தாவின் கடைசியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு வந்தார்.

"முப்பத்தேழு சொல்லிட்டேன் மேடம். மூணுதான் விட்டுப்போச்சு. ஏசி சத்தத்துல பாதி காதுல விழல, ஆனாலும் விடலையே."

"அண்ணே, படியிலயே இறங்கிடலாமா?"

படியில் இறங்கும்போது சொன்னேன். இரண்டாம் மாடியில் ஆரம்பித்துத் தரைத்தளத்தில் முடித்தேன். கடைசிப் படியில் அவர் நின்றுவிட்டார்.

"அப்ப அவர் கேக்கவே இல்லையா?"

"இல்லண்ணே. எழுதிட்டிருந்தார்."

"எதை?"

"நீங்க சொன்னதை."

யோசித்தார். "நீங்க இருமினீங்களே?"

"நிறுத்தச் சொல்லித்தான்."

"நான் நல்லாப் போகுதுன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"தப்பு என்னோடது அண்ணே. அந்த ஆறு நொடியை ஒரே மாதிரி விட்டது நான். காலியா விடாதீங்கன்னு சொன்னதும் நான்."

"நீங்க சொல்லித்தான் ஒரு வார்த்தையாவது பேசினேன் மேடம்." கைப்பிடிச் சுவரின் ஓரத்தை விரலால் சுரண்டினார். "நீலம்னு வேற சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்தார், இல்லை, சிரிக்கப் பார்த்தார்.

போன் அடித்தது. எடுத்தார். எங்கே, எந்தக் கட்டடம், உள்ளே ஆள் இருக்கா என்று கேட்டார். இதோ வரேன் என்றார்.

"மாசக் கடைசி வரைக்கும் நம்மதான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். உதைத்துக் கிளப்பினார். பிறகு அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"வீட்டுக்காரிகிட்ட நீங்க சொல்லிடறீங்களா மேடம்? இப்பதான் நல்லாப் பண்ணிட்டேன்னு சொன்னேன். திரும்ப நான் சொன்னா சண்டைல முடியும்."

எண்ணைச் சொன்னார். குறித்துக்கொண்டேன். போய்விட்டார்.

வாசலில் ஒரு கார் கிளம்பியது. தேர்வாளர் பின் சீட்டில் இருந்தார்.

நான் மெக்கானிக்கின் மனைவியைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடமா? வாங்க வாங்க. சொன்னார், சொன்னார். உங்க ரவிக்கையைக் கொண்டாங்க, இன்னிக்கே பிரிச்சுத் தரேன்."

சொன்னேன். மிஷின் நின்றது.

"அவருக்கு வரலைங்கறீங்களா?"

"வந்துச்சும்மா. நல்லா வந்துச்சு."

"வந்துச்சுங்கறீங்க. இல்லைங்கறீங்க. எது மேடம்?"

"ரெண்டும்தாம்மா."

நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஆறு நொடிக்கு வந்தபோது, "எனக்கு இதெல்லாம் புரியாது மேடம்," என்றார். கோபமில்லாமல் சொன்னார். "அந்த சாரை நான் வந்து ஒரு தடவை பாக்கட்டுமா? கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அவர் கிளம்பிட்டார்."

"எப்ப?"

"இப்பதான்."

"சரி." மூக்கை உறிஞ்சினார். "கிடங்கு எங்க இருக்கு? கீழயா? மூட்டை தூக்கணுமா? அவருக்கு இடுப்பு ஆகாது."

"தெரியலம்மா."

"காத்து வருமா? ஃபேன் இருக்கா? புழுக்கத்துல அவரால உக்கார முடியாது. லிஃப்ட் ஓடற ஷாஃப்ட்டுல எப்பவும் காத்து அடிக்கும்னு சொல்லுவார்."

"தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க. அவர் வந்தா நான் ஏதாவது சொல்லணும்ல."

போனை வைத்துவிட்டு மறுபடி படி ஏறினேன். மூன்றாம் மாடியில் வரவேற்பில் இருந்த பெண் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். கிடங்கு இந்தக் கட்டடத்தில் இல்லை என்றாள். எங்கே என்று கேட்டேன். ஊருக்கு வெளியே எங்கேயோ, தான் போனதில்லை என்றாள். அங்கே ஃபேன் உண்டா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாருக்கு மேடம்?"

சொன்னேன்.

"திங்கக்கிழமை வந்து கேளுங்க," என்றாள். "ஆனா இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."